‘ஓடுறது முக்கியம் இல்லப்பா... நிக்கணும்!’ - தாத்தாவின் பழைய பிக்கப்பை முதல் காராக்கிய ராஜபாளையம் பேரன்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் ஏறும்போது அப்பாவின் கையில் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. முக்கோணமாகச் செதுக்கிய வேப்பங்கட்டை. வண்டி உருளாமல் இருக்கச் சக்கரத்துக்கு அடியில் வைப்பார்களே, அதுதான்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டர். மலைப்பாதை கிடையாது, கொண்டை ஊசி வளைவு கிடையாது. ஆனாலும் அப்பா கட்டையைக் கீழே வைக்கவில்லை. மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

“எதுக்குப்பா இது?”

“இருக்கட்டும்.”

அதற்கு மேல் மகன் எதுவும் கேட்கவில்லை. அப்பா அந்த வண்டியில் ஏறி 46 ஆண்டுகள் ஆகின்றன. ஏறியதே பெரிய விஷயம்.

மகனுக்கு வயது 25. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறார். ‘பேரெல்லாம் வேண்டாம், வண்டியைப் பத்தி மட்டும் எழுதினா போதும்’ என்பதால், இந்தக் கட்டுரையில் அவர் ‘பேரன்’. ஏனென்றால் இது தாத்தாவின் வண்டி.

மூக்கில்லாத ஜீப்

ராஜபாளையத்தைச் சுற்றியுள்ள சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் போனால் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. மருத்துவமனைகளில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி இங்கே நெய்யப்படுகிறது. தாத்தா அந்தத் துணியை பேல் பேலாக வாங்கி, கேரளாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர். மாம்பழ சீஸனில் அதே வண்டியில் சப்பட்டை மாம்பழம் ஏறும். அவர் வைத்திருந்தது மஹிந்திரா எஃப்.சி. 150. 68 மாடல் பிக்கப்.

இன்றைய தலைமுறைக்கு இந்த வண்டியைப் பார்த்தவுடன் சிரிப்பு வரும். முன்பக்கம் மூக்கே இருக்காது. தட்டையான முகம், இரண்டு வட்டக் கண்கள், பின்னால் ஒரு தொட்டி. இன்ஜின் எங்கே என்று கேட்டால், டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில் உள்ள இரும்பு மூடியைத் தட்டிக் காட்டுவார்கள். அதற்குக் கீழேதான் இன்ஜின். மே மாதத்தில் ஓட்டினால் இடது கால் வெந்துவிடும்.

‘ஃபார்வர்டு கன்ட்ரோல்’ என்பதன் சுருக்கம்தான் எஃப்.சி. டிரைவரை முன்னால் கொண்டுவந்து இன்ஜினுக்கு மேல் உட்கார வைத்துவிட்டால், வண்டியின் நீளத்தில் பெரும்பகுதி சரக்குக்குக் கிடைக்கும் என்பது கணக்கு. அமெரிக்காவில் வில்லிஸ் நிறுவனம் 1956-ன் இறுதியில் இதை அறிமுகப்படுத்தியது. வடிவமைத்தவர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ். ஜீப் வேகனீர் காரின் தோற்றமும் இவருடையதுதான். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில் 81 அங்குலம்தான். நம் மாருதி 800-ஐவிட ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் குறைவு. அந்தக் குட்டி உடம்புக்கு ஏறத்தாழ ஆறடி நீளத் தொட்டி!

நாடு விடுதலை அடைந்த காலத்திலிருந்தே வில்லிஸ் ஜீப்களைச் சேர்த்துப் பூட்டி விற்றுக்கொண்டிருந்த மஹிந்திரா, 1965-ல் எஃப்.சி. 150 பெட்ரோல் வண்டியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் தயாரிப்பு நின்ற பிறகும் இங்கே அதன் வாரிசு மாடல்கள் பல ஆண்டுகள் ஓடின. ஆனால் பழைய 150 இன்று கண்ணில் படுவதே அபூர்வம். பலவற்றில் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் மாட்டிவிட்டார்கள். மீதி, பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன.

தாத்தாவின் வண்டியும் போயிருக்க வேண்டியதுதான். 2003-ல் நின்றது. 2011-ல் தாத்தா தவறிவிட்டார். குடோனுக்குப் பின்னால், தார்ப்பாய்க்கு அடியில் கோழிகள் அதில் முட்டையிட்டுக்கொண்டிருந்தன.

புளியரை வளைவு

அப்பா டி.வி.எஸ். 50-க்கு மேல் எந்த வண்டியும் ஓட்டியதில்லை. கார் வாங்கும் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவார். காரணம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேச மாட்டார்கள்.

1979. அப்பாவுக்கு ஒன்பது வயது. முழுப்பரீட்சை லீவு. புனலூரில் துணியை இறக்கிவிட்டு, காலி வண்டியில் தாத்தாவும் அவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஆரியங்காவு தாண்டி, செங்கோட்டை நோக்கி புளியரைக்கு இறங்கும் மலைப்பாதை. லாரிக்காரர்கள் இன்றைக்கும் ஒரு நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கும் ‘எஸ்’ வளைவு அங்கேதான் இருக்கிறது.

வளைவுக்கு முன்னால் தாத்தா பிரேக்கை மிதித்தார். பெடல் தரையைத் தொட்டது. முன் சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வெடித்து, பிரேக் ஆயில் மொத்தமும் ரோட்டில் கொட்டிவிட்டது.

நாலு சக்கரத்துக்கும் பிரேக் இருந்ததே, ஒரு ஹோஸ் போனால் நாலும் எப்படிப் போகும்? அந்தக் காலத்து வண்டிகளில் அப்படித்தான். நாலு வீட்டுக்கு ஒரே பைப் லைன் போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டு வாசலில் குழாய் உடைந்தாலும் நாலு வீட்டிலும் தண்ணீர் வராது. பிரேக் ஆயிலும் ஒரே லைனில்தான் போகும்.

தாத்தா கியரை இறக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வண்டியை மலைப்பக்கத்து மண் மேட்டில் சாய்த்தார். வண்டி நின்றது. உயிருக்கு ஒன்றுமில்லை. இடது மட்கார்டு ஒடுங்கியது. அப்பாவின் தாடை இன்ஜின் மூடியில் மோதி ஐந்து தையல். இன்றைக்கும் ஷேவ் செய்யும்போது அந்தக் கோடு தெரியும்.

அடுத்த வாரமே ஹோஸை மாற்றிவிட்டு தாத்தா மறுபடியும் கேரளாவுக்குப் போனார். பிழைப்பு அப்படி. ஆனால், அப்பா அதன்பிறகு அந்த வண்டியில் ஏறவில்லை. 1984-ல் அக்காவுக்குக் கல்யாணம். சீர்வரிசை எல்லாம் இதே வண்டியில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனது. 14 வயதுத் தம்பி மட்டும் பஸ்ஸில் போய் இறங்கினார்.

“நிப்பாட்டிக் காட்டு!”

2023-ல் பேரன் டிரைவிங் லைசென்ஸ் எடுத்தார். சேர்த்து வைத்த பணத்துக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கலாம் என்று அம்மா சொன்னார். அதே மாதம்தான் பழைய இரும்புக் கடைக்காரர் வந்து, குடோன் வண்டிக்கு 45,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். அப்பா சரி என்றுவிட்டார்.

மறுநாள் லாரி வருவதாக இருந்தது. அன்று இரவு பேரன் தார்ப்பாயை விலக்கி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். துரு, எலிப் பொந்து, மக்கிய சீட். முன் கண்ணாடிக்கு மேல் தாத்தா கையால் எழுதிய ‘ஸ்ரீ ஆண்டாள் துணை’ மட்டும் மங்காமல் இருந்தது. டீசலுக்கு மாற்றாத அசல் பெட்ரோல் இன்ஜின் அப்படியே இருந்தது.

“அப்பா, இதையே என் முதல் காரா எடுத்துக்கிறேன்.”

அப்பா வெகுநேரம் எதுவும் சொல்லவில்லை. கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

“எல்லாரும் பழைய வண்டிய எடுத்து ஓட்டிக் காட்டுவாங்க. ஓடுறது முக்கியம் இல்லப்பா. நிக்கணும். நீ நிப்பாட்டிக் காட்டு. அப்புறம் பாக்கலாம்.”

முதலில் பேப்பர், அப்புறம் ஸ்பேனர்

பேரன் மறுநாளே ஸ்பேனரைத் தூக்கவில்லை. இது அவர் செய்த நல்ல காரியம். ஆவணம் உயிரோடு இல்லாத வண்டிக்கு லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு, ரோட்டில் இறக்க முடியாமல் தவிப்பவர்கள் ஏராளம்.

இரும்புப் பெட்டியின் அடியில் தாத்தாவின் ஆர்.சி. புத்தகம் கிடைத்தது. விலாசத்தில் ‘இராமநாதபுரம் ஜில்லா’. விருதுநகர் மாவட்டம் பிரிந்தது 1985-ல்தானே? மூன்று எழுத்துப் பழைய பதிவெண். அரசின் ‘வாகன்’ இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் எதுவுமே வரவில்லை. பழைய நோட்டுப் புத்தகப் பதிவுகளில் பல இன்னும் கம்ப்யூட்டரில் ஏறவில்லை. அதற்கு ‘பேக்லாக் என்ட்ரி’ போட வேண்டும். நிலுவை வரி, பசுமை வரி, காலம் கடந்ததற்கான கட்டணம் எல்லாவற்றையும் கட்ட வேண்டும்.

அடுத்து, பெயர் மாற்றம். உரிமையாளர் இறந்துவிட்டால் வாரிசு பெயருக்கு மாற்ற படிவம் 31. கூடவே வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம். ஆக, ஸ்ரீவில்லிபுத்தூர் அத்தையின் கையெழுத்து வேண்டும்.

இதற்கிடையில் பழைய வண்டிப் பிரியர் ஒருவர், ‘வின்டேஜ் பதிவு வாங்கிவிடு, கெத்தா இருக்கும்’ என்று யோசனை சொன்னார். மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விதி அது. 50 ஆண்டுகளைத் தாண்டிய, வணிகத்துக்குப் பயன்படாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டுகள் செல்லும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விதியை முழுதாகப் படித்தபோதுதான் பேரனுக்கு விஷயம் புரிந்தது. வின்டேஜ் வண்டியைக் கண்காட்சிக்கும் பேரணிக்கும் கொண்டுபோகலாம். பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் எடுத்துச் செல்லலாம். அன்றாடம் ரோட்டில் ஓட்டக் கூடாது. சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கவும் கூடாது.

“எனக்கு வேண்டியது அத்தை வீட்டுக்குப் போற வண்டி. ஷோகேஸ்ல வைக்கிற வண்டி இல்ல” என்று முடிவெடுத்தார். சரக்கு வாகனமாகவே தொடர்வது என்று தீர்மானமானது. மொத்த எடை மூன்று டன்னைத் தாண்டாத சரக்கு வாகனத்துக்கு பெர்மிட் தேவையில்லை. சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸ் இருந்தாலே 7,500 கிலோ வரையிலான சரக்கு வாகனத்தை ஓட்டலாம் என்பதை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. ஆனால் வருடா வருடம் தகுதிச் சான்று, அதாவது எஃப்.சி. எடுத்தாக வேண்டும். எஃப்.சி. வண்டிக்கே எஃப்.சி!

அத்தை சொன்ன பதில்

சம்மதக் கையெழுத்துக்குப் போனபோது, அத்தை பேனாவை வாங்கிக்கொண்டு முதலில் கேட்டது, “தொட்டியில அந்தப் பச்சைப் பெயின்ட் இருக்கா?” என்றுதான். அவருடைய சீர் பீரோ உரசிய தடமாம். 41 ஆண்டுகளாக நினைவில் வைத்திருக்கிறார்.

அன்றைக்குப் பேரன் தன் குழப்பத்தை அத்தையிடம் சொன்னார். பிரேக்கை மாற்றினால் வண்டியின் பழைமை போய்விடும் என்கிறார்கள். ‘ஒரிஜினலாக’ வைத்தால் அப்பா ஏற மாட்டார். என்ன செய்வது?

அத்தை கோபுரம் இருக்கும் பக்கம் கையைக் காட்டினார்.

“நான் கல்யாணமாகி வந்த புதுசுல, ஆடிப்பூரத்துக்குத் தேர் கிளம்புச்சுன்னா எப்ப நிலைக்கு வரும்னு சொல்ல முடியாது. மரச்சக்கரம். முட்டுக்கட்டை போட்டுப் போட்டுத்தான் திருப்பணும், நிப்பாட்டணும். கட்டை போடுறவங்க உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. இப்ப இரும்புச் சக்கரம் வந்துருச்சு, ஹைட்ராலிக் பிரேக் வந்துருச்சு. அதுக்காக யாராவது அது ஆண்டாள் தேர் இல்லன்னு சொல்றாங்களா? அதே தேர்தான், அதே ஆண்டாள்தான். மக்க உசுரோட வீட்டுக்குத் திரும்புறாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.”

சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பேரனுக்கு அன்றைக்குக் கிடைத்தது சம்மதம் மட்டுமல்ல.

மெக்கானிக் அண்ணாச்சி

பெட்ரோல் ஜீப் தெரிந்த கைகள் இன்று குறைவு. ராஜபாளையத்தில் 71 வயது மெக்கானிக் அண்ணாச்சி ஒருவர் கிடைத்தார். மலையடிவாரத் தோட்டங்களுக்குப் போகும் ஜீப்களைப் பார்த்தே வாழ்ந்தவர். மகன்கள் வேறு வேலைக்குப் போய்விட்டதால், பட்டறையில் அவரும் ஒரு ஸ்டூலும்தான்.

இன்ஜின் ஜாம் ஆகியிருந்தது. நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, அந்த ஓட்டைகள் வழியாக டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றினார். “ஊறட்டும். அவசரப்பட்டா உள்ள உடையும்” என்றார். தினமும் வேலை முடிந்து வரும் பேரன், ஃப்ளைவீலைக் கம்பியால் மெல்ல நெம்பிப் பார்ப்பார். அசையாது. பதினேழாவது நாள் ஒரு பல் நகர்ந்தது. அன்றைக்கு அண்ணாச்சி டீ வாங்கிக் கொடுத்தார்.

2.2 லிட்டர் ‘ஹரிக்கேன்’ இன்ஜின் அது. உள்ளே இழுக்கும் வால்வு மேலே ஹெட்டில், புகையை வெளியே தள்ளும் வால்வு கீழே பிளாக்கில் என்று வித்தியாசமான அமைப்பு. ஆனால் ஒரு நல்ல செய்தி, மஹிந்திராவின் பழைய சி.ஜே. 3பி ஜீப்பிலும் இதே இன்ஜின்தான். அதனால் பிஸ்டன், ரிங், வால்வு எல்லாம் மதுரை, கோவை என்று அலைந்தால் கிடைத்துவிடுகின்றன. பழைய ஜீப்களுக்குப் பேர்போன ஹரியானாவின் டப்வாலியிலிருந்து சில சாமான்கள் பார்சலில் வந்தன.

கிடைக்காதவை சின்னச் சின்னச் சாமான்கள்தான். கதவுக் கைப்பிடி, கண்ணாடியைச் சுற்றும் ரப்பர் பீடிங், ஹெட்லைட் வளையம். இன்ஜினுக்கு இரண்டு மாதம் என்றால் இந்த மூன்றுக்கும் ஐந்து மாதம். கைப்பிடியை லேத் பட்டறையில் கடைந்து எடுத்தார்கள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். 60-களின் ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரமும் அதைத் தாங்காது. ஊறிப்போய் கசியும். இன்ஜின் சீட்டுக்கு நடுவில் இருக்கும் வண்டியில் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும்? பெட்ரோல் போகும் பாதையில் இருந்த ரப்பர் அத்தனையையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றினார்கள்.

டிங்கரிங் வேலையில்தான் ஒரு சிக்கல் வந்தது. இடது மட்கார்டின் ஒடுக்கு. ‘புளியரை ஒடுக்கு’. அதைத் தட்டி நிமிர்த்த வேண்டாம், வண்டியின் வரலாறு அது என்று பேரன் ஆசைப்பட்டார். அப்பாவிடம் பெருமையாகச் சொன்னார்.

“அதை எடுத்துடு” என்றார் அப்பா.

“ஞாபகமா இருக்கட்டும்ப்பா...”

“உனக்கு அது கதை. நான் அதுக்குள்ள உக்காந்திருந்தேன்.”

பேரன் அன்று மாலையே டிங்கரிடம் போய் மட்கார்டை நிமிர்த்தச் சொன்னார். ‘ஸ்ரீ ஆண்டாள் துணை’ அப்படியே இருக்கிறது. அத்தையின் பச்சைத் தடமும் இருக்கிறது. ஒடுக்கு இல்லை.

அரைப் பெடல்

பிரேக் வேலைக்கு மட்டும் பேரன் மூன்று மாதம் எடுத்துக்கொண்டார். பிற்கால ஜீப்களில் வந்த டேண்டம் மாஸ்டர் சிலிண்டரை வாங்கினார்கள். இதில் ஒன்றுக்கு இரண்டு அறைகள். முன் சக்கரங்களுக்கு ஒரு லைன், பின் சக்கரங்களுக்கு ஒரு லைன். ஒன்று உடைந்தாலும் மற்றது வேலை செய்யும். நாலு வீட்டுக்கு இரண்டு பைப் லைன். அமெரிக்காவில் இந்த இரட்டை முறை கார்களுக்குக் கட்டாயமானது 1968-ல். தாத்தாவின் வண்டி பிறந்த அதே வருடம்!

மாஸ்டர் சிலிண்டரை உட்கார வைக்கப் புது பிராக்கெட் அடித்தார்கள். முதல் பிராக்கெட் பெடலை அழுத்தி மிதித்ததும் லேசாக வளைந்தது. அண்ணாச்சி அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கனமான பிளேட்டில் வேறு செய்யச் சொன்னார். பைப்புகள் புதுசு, ஹோஸ்கள் புதுசு, நாலு சக்கரத்துக்கும் வீல் சிலிண்டர் புதுசு.

சோதனைக்கு ஊருக்கு வெளியே ஒரு காலி மைதானம். அப்பா தூரத்தில் டி.வி.எஸ். 50-ஐ நிறுத்தி, அதிலேயே உட்கார்ந்திருந்தார். பேரன் பத்து தடவை ஓட்டி, பத்து தடவை நிறுத்தினார். பதினோராவது தடவை மிதித்தபோது பெடல் சட்டென்று பாதி இறங்கியது. பேரனின் வயிறு கலங்கியது. ஆனால் வண்டி நின்றது. வழக்கத்தைவிட ஒரு பத்தடி தள்ளி, நேராக நின்றது.

இறங்கிப் பார்த்தால், பின் சக்கரத்தில் ஒரு பைப் இணைப்பு சரியாக முடுக்கப்படாமல் கசிந்திருந்தது. பின் லைன் காலி. முன் லைன் பிடித்திருக்கிறது.

பேரனுக்கு முகம் செத்துவிட்டது. எந்த பிரேக்கைக் காட்டி அப்பாவை நம்பவைக்க நினைத்தாரோ, அதுவே அப்பாவின் கண் முன்னால் பழுதாகிவிட்டது.

அப்பா டி.வி.எஸ்.ஸை ஸ்டாண்ட் போட்டுவிட்டு நடந்து வந்தார். குனிந்து ஆயில் சொட்டுவதைப் பார்த்தார். வண்டி நின்ற இடத்தைப் பார்த்தார்.

“உடைஞ்சும் நின்னுச்சா?”

“நின்னுச்சுப்பா.”

“ம்.” போய்விட்டார்.

இணைப்பைச் சரி செய்து, ஒவ்வொரு முடிச்சையும் அண்ணாச்சியும் பேரனும் தனித்தனியாக இரண்டு தடவை சோதித்தார்கள். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. அலுவலகம். சேஸிஸ் எண் மீது வெள்ளைத்தாளை வைத்து பென்சிலால் உரசி, எண்ணைப் படியெடுத்தபோது, தாத்தாவின் ஆர்.சி. புத்தகத்தில் இருந்த அதே எண் ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. பிரேக் டெஸ்ட்டில் பாஸ். எஃப்.சி. வண்டிக்கு எஃப்.சி. கிடைத்தது.

அன்றிரவு சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “அத்தை வீட்டுக்கு எப்பப் போறோம்?”

பேரன் சொல்லும் நாலு விஷயம்

மொத்தச் செலவு 3,40,000 ரூபாய். கணக்கு நோட்டில் ஒவ்வொரு நட்டுக்கும் விலை இருக்கிறது. ‘நானும் இப்படி ஒரு வண்டி எடுக்கலாமா?’ என்று கேட்கும் நண்பர்களுக்கு பேரன் சொல்வது இதுதான்.

• ஆர்.சி., சேஸிஸ் எண், இன்ஜின் எண் மூன்றும் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் எவ்வளவு அழகான வண்டியாக இருந்தாலும் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஆர்.சி-யில் உள்ள விவரங்கள் மாறும்படி எரிபொருளையோ பாடியையோ இஷ்டத்துக்கு மாற்றினால் சட்டச் சிக்கல் வரும்.

• பெயின்ட்டுக்கு முன்னால் பிரேக், ஸ்டீயரிங், டயர், வயரிங். பளபளப்பு கடைசி. டயர் தேயாமல் இருந்தாலும் வயதாகிவிட்டால் மாற்றிவிட வேண்டும்.

• பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறினால் மலை இறக்கத்தில் சூடாகும்போது கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. வண்டி நின்றே இருந்தாலும் மாற்ற வேண்டும்.

• இன்ஷூரன்ஸ் இல்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது. சரக்குத் தொட்டியில் ஆளை ஏற்றக் கூடாது. ‘நான் தொட்டியில உக்காந்து வர்றேன்டா’ என்று அத்தை கேட்டும் பேரன் மறுத்துவிட்டார்.

12 கிலோமீட்டர்

அந்த ஞாயிற்றுக்கிழமை. ராஜபாளையத்தைத் தாண்டியதும் இடது பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வந்தது. பேரன் 40-க்கு மேல் போகவில்லை. இன்ஜின் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் பேச வேண்டிய அவசியமும் இல்லை.

முதல் வேகத்தடை வந்தபோது அப்பாவின் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. இரண்டாவது வேகத்தடையிலும் அழுத்தியது. மூன்றாவது, நான்காவது. மடவார்வளாகம் வருவதற்குள் அந்தக் கால் அமைதியாகிவிட்டதைப் பேரன் ஓரக்கண்ணால் பார்த்தார். கட்டை மட்டும் மடியிலேயே இருந்தது.

தூரத்தில் ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் தெரிந்தது.

அத்தை வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார். வண்டியைச் சுற்றி வந்து, தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, பச்சைத் தடத்தை விரலால் தடவினார். அப்புறம் தம்பியின் கையில் இருந்ததைப் பார்த்தார்.

“என்னடா இது, தேர் இழுக்க வந்த மாதிரி கட்டையோட வந்திருக்க?”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும்தான்.

மதியச் சாப்பாடு முடிந்து கிளம்பும்போது, அத்தை வாழை இலையில் சுற்றிய மூன்று கிலோ பால்கோவாவைக் கொடுத்தார். வீட்டுக்கு ஒன்று, மெக்கானிக் அண்ணாச்சிக்கு ஒன்று, லேத் பட்டறைக்கு ஒன்று. சூடு ஆறாத பால்கோவா. இன்ஜின் மூடியின் மேல் வைத்தால் உருகிவிடும், கீழே வைத்தால் சாய்ந்துவிடும்.

“நான் வெச்சுக்கிறேன். நீ ரோட்டைப் பாத்து ஓட்டு” என்றார் அப்பா.

இரண்டு கைகளிலும் பால்கோவா. முட்டுக்கட்டை பின்னால் தொட்டியில் கிடந்தது. ராஜபாளையம் வரும் வரை, ஒவ்வொரு வேகத்தடையிலும் அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டுகொண்டே வந்தது.